சம்பளத்துக்கு ஆள் வைக்கவில்லை என்றால் சரிதான்

முதுகெலும்பு முறிந்தவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இரவும் அப்படித்தான். புரட்டும்போது இடுப்புக்குக் கீழே, வால் எலும்பு முட்டும் இடத்தில் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். சிவந்திருந்தால் விரலால் அழுத்தி எடுக்க வேண்டும். அழுத்திய இடம் வெளுத்து, மறுபடி சிவந்தால் பயமில்லை. வெளுக்காமல் சிவப்பு அப்படியே நின்றால் உள்ளே புண் பிடிக்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். படுத்திருப்பவருக்கு அங்கே வலி தெரியாது. கூட இருப்பவர் கண்தான் அவருக்கு வலி. ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் அக்கா இதையெல்லாம் சொல்லிக்கொடுத்துவிட்டு, "எத்தனை மணிக்குத் திருப்புனன்னு எழுதி வச்சுக்கம்மா" என்றார். மகளின் பழைய கணக்கு நோட்டில் மிச்சமிருந்த பக்கங்களில் எழுத ஆரம்பித்தேன்.

என் கணவர் கொத்தனார். 2016-இல் அவருக்கு வயது 34. ஒட்டன்சத்திரத்துக்கும் பழனிக்கும் நடுவே ஒரு வீட்டுக்குத் தளம் போட்டுவிட்டு பைக்கில் திரும்பிக்கொண்டிருந்தவரைப் பின்னால் வந்த லாரி இடித்துத் தள்ளியது. மார்புப் பகுதி முதுகெலும்பில் கடைசி எலும்பான 'டி12' நொறுங்கி, உள்ளே போகும் தண்டுவடத்தை நசுக்கிவிட்டது. இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. சிறுநீரும் மலமும் அவர் கட்டுப்பாட்டில் இல்லை. ஆபரேஷன் செய்து இரும்புத் தகடு வைத்த டாக்டர், "எலும்பை நிமித்திட்டோம், நரம்பு இனிமே வராது" என்று என் முகத்தைப் பார்த்தே சொன்னார். பொய்யாக ஒரு நம்பிக்கை கொடுக்காததற்கு இன்றும் அவருக்கு நன்றி சொல்கிறேன்.

வார்டுக்கு வெளியே வராந்தாவிலேயே கேஸ் பிடிக்கும் ஆட்கள் வந்துவிட்டார்கள். ஒருவர் வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடச் சொன்னார். செலவெல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்களாம், வருகிற பணத்தில் பாதிக்குப் பாதியாம். என் அண்ணன் அந்த ஆளை வாசல் வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு. 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. ஜில்லா கோர்ட்டு வளாகத்திலேயே அதற்கு அலுவலகம் இருக்கிறது. அந்த வராந்தாவில்தான் அதை எழுதி ஒட்ட வேண்டும். எங்களுக்கு அதைச் சொன்னவர் மகளின் பள்ளிக்கூட டீச்சர். அவர் சொல்லித்தான் ஒரு நல்ல வக்கீலிடம் போய்ச் சேர்ந்தோம்.

திண்டுக்கல்லில் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் எம்.சி.ஓ.பி. என்கிற இழப்பீட்டு மனு போட்டோம். எதிர்த்தரப்பில் லாரி ஓனர், டிரைவர், இன்சூரன்ஸ் கம்பெனி. ஓனரும் டிரைவரும் ஆஜராகவே இல்லை. கம்பெனி மட்டும் எதிருரை தாக்கல் செய்தது. பைக்கைத் திடீரென்று வலது பக்கம் ஒடித்தார், ஹெல்மெட் போடவில்லை, ஆகவே தப்பில் பாதி அவருடையது என்பது அவர்கள் வாதம். முதுகு முறிந்தவரிடம் ஹெல்மெட்டைப் பற்றி என்ன பேச்சு? எங்கள் வக்கீல் கோபப்படவில்லை. மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கையை எடுத்து வைத்தார். லாரியின் முன் பம்பர் நெளிந்திருக்கிறது, பைக்கின் பின் மட்கார்டு நசுங்கியிருக்கிறது. அந்த இரண்டு வரியோடு அந்த வாதம் முடிந்தது.

பிறகு வந்தது கணக்கு. கொத்தனாருக்குச் சம்பளச் சீட்டு ஏது? மேஸ்திரி வந்து சாட்சி சொன்னதை, வேண்டியவர் என்று தள்ளிவிட்டார்கள். சையது சாதிக் என்ற வழக்கில், காய்கறி விற்ற 24 வயது இளைஞருக்குச் சான்று எதுவும் இல்லாமலே மாதம் 6,500 ரூபாய் வருமானம் என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டதை வக்கீல் காட்டினார். அந்த விபத்து 2008-இல் நடந்தது. எட்டு வருஷம் கழிந்த பிறகு ஒரு கொத்தனாருக்கு அதைவிடக் கூடுதலாகப் போட வேண்டாமா என்று கேட்டார். மாத வருமானத்தைப் பன்னிரண்டால் பெருக்கி, வயதுக்கு ஏற்ற எண்ணால் மறுபடி பெருக்க வேண்டும். சரளா வர்மா வழக்கில் 2009-இல் உச்ச நீதிமன்றம் வகுத்த அட்டவணை அது. 31 முதல் 35 வயது வரை என்றால் 16. மெடிக்கல் போர்டு 85 சதவீதம் ஊனம் என்று எழுதியிருந்தது. உட்கார்ந்த இடத்தில் பெட்டிக்கடை வைக்கலாமே என்றது கம்பெனி. உடம்பில் எத்தனை சதவீதம் போனது என்பது வேறு, பிழைப்பில் எத்தனை சதவீதம் போனது என்பது வேறு என்று ராஜ்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. சாரத்தில் ஏறி நின்று கல் கட்டியவருக்குப் போனது நூறு சதவீதம் என்று தீர்ப்பாயம் ஏற்றுக்கொண்டது.

இவ்வளவும் அவருக்கான கணக்கு. என் முறை அதற்கு முன்பே வந்திருந்தது. இரண்டாம் சாட்சியாகக் கூண்டில் ஏறினேன். கம்பெனி வக்கீல் மரியாதையாகத்தான் கேட்டார்.

"உங்க கணவரை யாரும்மா பார்த்துக்கிறா?"

"நான்தாங்கய்யா."

"சம்பளத்துக்கு ஆள் எதுவும் வைக்கலையே?"

"இல்லைங்கய்யா."

"அப்ப அந்த வகையில உங்களுக்குச் செலவே இல்லை?"

செலவு இல்லை என்று எப்படிச் சொல்ல முடியும்? நான் அதற்கு முன் காய்கறி மார்க்கெட்டில் வெங்காயம் தரம் பிரிக்கிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். விபத்து நடந்த நாளோடு அது நின்றது. அதைச் சொல்ல வாயெடுத்தபோது, கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லும்படி சொன்னார்கள். டைப்பிஸ்ட் அடித்த வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடும் முன் படித்துப் பார்த்தேன். 'நான் என் கணவரைப் பார்த்துக்கொள்ளச் சம்பளத்துக்கு ஆள் வைக்கவில்லை என்றால் சரிதான். இழப்பீடு அதிகமாகப் பெறும் நோக்கத்தில் பொய் சாட்சி சொல்கிறேன் என்றால் சரியல்ல.' நான் அதுவரை செய்த வேலை முழுவதும் முதல் வாக்கியத்துக்குள் காணாமல் போயிருந்தது. எங்கள் வக்கீல் மறு விசாரணையில் அந்த நோட்டைச் சான்றாவணமாகக் குறியீடு செய்யச் சொன்னார். கம்பெனி ஆட்சேபித்தது. ஆட்சேபணைக்கு உட்பட்டு என்று எழுதி, நீதிபதி அதை ஏற்றுக்கொண்டார். நடுராத்திரி பன்னிரண்டு, இரண்டு, நான்கு என்று வரிசையாக எழுதியிருந்த பக்கங்களை அவர் நிதானமாகப் புரட்டிப் பார்த்தார்.

நடுவில் மக்கள் நீதிமன்றத்தில் ராஜிக்குக் கூப்பிட்டார்கள். 9 லட்சம் தருகிறோம், இன்றே முடித்துக்கொள்ளலாம் என்றார்கள். மாமனார் வாங்கிக்கொள்ளச் சொன்னார். வட்டிக்கு வாங்கிய கடன் அவர் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது, அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே கையெழுத்துப் போட்டால் மேல்முறையீடு கிடையாது. ஏர் பெட், யூரின் டியூப், புண்ணுக்குக் கட்டு, கிட்னியில் கிருமி வந்தால் ஆஸ்பத்திரி என்று வாழ்நாள் முழுக்க ஆகிற செலவு எல்லாம் அந்த ஒரு கையெழுத்தோடு முடிந்துவிடும். நான் வேண்டாம் என்றேன். என் கணவர் படுக்கையிலிருந்தே, "அவ சொல்றதுதான்" என்று ஒரே வார்த்தையில் அப்பாவுக்குப் பதில் சொன்னார்.

2019-இல் தீர்ப்பு வந்தது. மாதம் 7,500 வருமானம் என்று எடுத்து, வருமான இழப்புக்கு மட்டும் 14,40,000 ரூபாய். உதவியாளர் செலவு என்ற தலைப்பின் கீழ், மொத்தமாக 1,00,000. அதை அவருக்கு மிச்சமுள்ள ஆயுளுக்குப் பங்கு போட்டுப் பார்த்தால் கை நடுங்கியது. தொகை அதிகம் என்று கம்பெனி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு அப்பீல் போனது. போதாது என்று நாங்களும் போனோம்.

ஜாம்ஷெட்பூரில் 1989-இல் ஒரு விழாப் பந்தலில் தீப்பிடித்துப் பலர் இறந்த வழக்கில், இறந்துபோன இல்லத்தரசிகளின் உழைப்புக்கு மாதம் 3,000 ரூபாய் மதிப்பு வைக்கச் சொன்னது உச்ச நீதிமன்றம். லதா வாத்வா வழக்கு, 2001. வக்கீல் இதை எனக்கு விளக்கியபோது அவரிடம் நேராகவே கேட்டேன்: பெண் செத்த பிறகு அவள் வேலைக்கு விலை போட முடிகிறது என்றால், உயிரோடு இருந்து அதைவிடக் கடினமான வேலையைச் செய்கிறவளுக்கு ஏன் போட முடியவில்லை? "அதைத்தாம்மா மதுரையில கேக்கப்போறோம்" என்றார்.

கேட்பதற்கு ஒரு பிடிமானம் 2020 பிப்ரவரியில் கிடைத்தது. காஜல் என்ற பெண்ணின் வழக்கு. 2007-இல் விபத்தில் சிக்கியபோது 12 வயது. மூளையில் அடிபட்டு, கைக்குழந்தையின் நிலைக்குப் போய்விட்டாள். அவளைப் பார்த்துக்கொள்ள இரண்டு ஆள் வேண்டும், ஆளுக்கு மாதம் 5,000, அதையும் வருமான இழப்பைப் போலவே 18-ஆல் பெருக்கு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தத் தலைப்பில் மட்டும் 21,60,000 ரூபாய். அதே வருஷம் இன்னொரு வழக்கில், நிரந்தர ஊனமானவர்களுக்கும் எதிர்கால வருமான உயர்வைச் சேர்க்க வேண்டும் என்றும் வந்தது. கொரோனாவில் கோர்ட்டு மூடி, திறந்து, எங்கள் அப்பீல் 2022-இல்தான் முடிந்தது.

அந்த இடைவெளியில்தான் என் கணவரை ஆய்க்குடி அமர் சேவா சங்கத்துக்குக் கூட்டிப்போனோம். கழுத்துக்குக் கீழே உடம்பு செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981-இல் தொடங்கிய இடம். படுக்கையிலிருந்து வீல் சேருக்குத் தானே மாறுவதை அங்கே என் கணவர் பழகினார். சிறுநீரைத் தானே டியூப் வைத்து எடுக்கவும் கற்றுக்கொண்டார். நோட்டில் என் கையெழுத்தோடு அவர் கையெழுத்தும் வர ஆரம்பித்தது.

உயர் நீதிமன்றம் வருமானத்தை 9,000 ஆக்கி, அதோடு 40 சதவீதம் சேர்த்து 24,19,200 போட்டது. உதவியாளருக்கு மாதம் 5,000, பெருக்கல் 16, 9,60,000. மனைவியே பார்த்துக்கொள்கிறார் என்பதற்காக இந்தத் தொகையை மறுக்க முடியாது என்று தீர்ப்பில் எழுதியிருந்ததை வக்கீல் ஆபீஸில் உட்கார்ந்து இரண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். பணத்தில் பெரும்பகுதி டெபாசிட்டில் இருக்கிறது. கடன் தீர்ந்தது. பகலில் உதவிக்கு ஒரு அம்மா வருகிறார். நான் மறுபடி வேலைக்குப் போகிறேன்.

ஆனாலும் 5,000 போதாது. ஒரு நாளைக்கு 167 ரூபாய்கூட வராது. தீர்ப்பு வந்த 2022-இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கே அரசு நிர்ணயித்த கூலி 281 ரூபாய். ராத்திரியில் எழுந்து புரட்டுகிறவளுக்கு அதைவிடக் குறைவாகப் போடுவதற்கு எந்த நியாயமும் இல்லை. 2007-இல் அடிபட்ட ஒரு குழந்தைக்காகப் போட்ட கணக்கையே வருஷக் கணக்காகக் காட்டிக்கொண்டிருந்தால் எப்படி?

போன வருஷம் வேடசந்தூர் பக்கத்திலிருந்து ஒரு தாய் எங்களைத் தேடி வந்தார். மகனுக்கு இவரைப் போலவே முதுகெலும்பு முறிவு. 2022 ஏப்ரலிலிருந்து விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனு போட்டாக வேண்டும் என்று சட்டம் மாறியிருக்கிறது. அது அவருக்குத் தெரியவில்லை. மறுநாளே எங்கள் வக்கீலிடம் கூட்டிப்போனேன். பகலுக்கு ஒரு ஆள், ராத்திரிக்கு ஒரு ஆள், இன்றைய கூலியில் என்று மனுவிலேயே தனித் தலைப்பாக எழுதச் சொன்னேன். வழக்கு இப்போது விசாரணையில் இருக்கிறது. அடுத்த வாய்தாவில் அந்த அம்மா சாட்சி சொல்ல வேண்டும். அன்றைக்கு வேலைக்கு லீவு சொல்லிவிட்டேன், கூடப் போகிறேன்.