இடது வரிசைப் பிள்ளை

1994ஆம் ஆண்டு. ஆறாம் வகுப்பில் தமிழ்ப் பாடம். இடது வரிசையில் இருந்த ஒரு பெண்பிள்ளையிடம் கேள்வி கேட்டேன். பதில் வரவில்லை. மறுபடியும் கேட்டேன். வாய் அசைந்தது போலிருந்தது, சத்தமில்லை. கோபத்தில் பாடம் முடியும்வரை அவளை நிற்க வைத்தேன். மணியடித்த பிறகு அவளுடைய தோழி வந்து, "அவ பதில் சொன்னா சேர், உங்களுக்குத்தான் கேட்கல்ல" என்றாள்.

சிறுவயதில் தடிமனோடு வந்த காதுக்குத்தில் எனது இடது செவிப்பறை ஓட்டையாகியிருந்தது. மூத்தம்மா உள்ளி போட்டுக் காய்ச்சிய எண்ணெய் விட்டுப் பார்த்தா. இப்படியான ஓட்டைகள் பல தாமாகவே மூடிக்கொள்ளும், என்னுடையது மூடவில்லை. குளிப்பதென்றால் வஸ்லின் தடவிய பஞ்சை அடைத்துக்கொள்வேன். ஜும்ஆவில் வலது காது மிம்பர் பக்கம் இருக்கும்படி ஸஃபின் இடது ஓரத்தைத் தேடிப் பிடிப்பேன். வகுப்பறையில் மட்டும் அந்தக் குறையை ஒளித்துவிட்டேன்.

அந்தப் பிள்ளையின் முகம் விடாமல் துரத்த, 1996இல் ஒப்பரேஷனுக்குப் போனேன். செவிப்பறை ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர் அகலமும் ஒரு மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்கு தடிப்பும் கொண்டது. 1950களில் அதை அடைக்கத் தோலை வைத்துப் பார்த்தார்கள், அது சரிவரவில்லை. பிறகு, காதுக்கு மேலே தலையோரத் தசையை மூடியிருக்கும் சவ்வு வழக்கத்துக்கு வந்தது. டொக்டர் எனக்குச் செய்ததும் அதுதான். காதின் பின்னால் வெட்டி, சவ்வை எடுத்து, செவிப்பறையின் உட்பக்கமாக வைத்தார்.

மேற்பக்கமாக வைக்கும் முறையும் உண்டு. பெரிய ஓட்டைக்கும் முன்பக்க ஓட்டைக்கும் அது கைகொடுக்கும். ஆனால் செவிப்பறையின் மேல்தோலை முற்றாக உரிக்க வேண்டும். கொஞ்சம் மிஞ்சினாலும் உள்ளே கட்டி வளரும். வைத்த சவ்வு சம்மட்டியுரு எலும்பை விட்டு வெளியே விலகிப்போனால், ஓட்டை மூடியும் காது கேட்காது. உட்பக்கமாக வைப்பது இலகு. முன்பக்கத்தில்தான் பிடிமானம் குறைவு.

எனது காது மூன்று வருடம் தாக்குப்பிடித்தது. 1999இல் ஒரு தடிமனோடு மீண்டும் சீழ். முன்பக்கத்திலேயே விட்டிருந்தது. மனம் வெறுத்துப்போய் பதினெட்டு வருடம் அப்படியே இருந்தேன்.

2017இல் வேறொரு டொக்டர் கசியிழையம் வைக்கலாம் என்றார். காதுத் துளையின் முன்னால் மேடாக இருக்கிறதே, அதிலிருந்து ஒரு துண்டு. சவ்வு மெல்லியது, நன்றாக அதிரும். ஆனால் மூக்குக்குப் பின்னாலிருந்து காதுக்குக் காற்றுக் கொண்டுபோகும் குழாய் சரியில்லையென்றால் உள்ளே இழுபட்டுவிடும். கசியிழையம் விறைப்பானது. இரத்தோட்டம் குறைந்த இடத்திலும் பிழைக்கும். தடித்த பொருள் அதிருமா என்று கேட்டேன். மெல்லியதாகச் சீவி வைத்தால் கேட்கும் திறனில் பெரிய வித்தியாசம் இல்லை என்றார். குறையையும் மறைக்கவில்லை: அது வெள்ளையாக இருப்பதால், பின்னால் ஏதும் நோய் வந்தால் வெளியிலிருந்து பார்த்துக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

இம்முறை காதின் பின்னால் வெட்டவில்லை. காதுத் துளை வழியாகவே கமெராக் குழாயை விட்டுச் செய்தார். மூலை முடுக்கெல்லாம் தெரியுமாம். ஆனால் ஒரு கை குழாயைப் பிடிக்க, மற்றக் கையால்தான் முழு வேலையும். பழைய நுணுக்குக்காட்டியில் இரு கையும் ஓய்வு.

கடந்த வருடம் காதுக் கிளினிக்கில் ஒரு தாய் மகனோடு இருந்தா. சலாம் சொல்லி, "என்னைத் தெரியுமா சேர்?" என்றா. பெயரைச் சொன்னதும் தெரிந்துவிட்டது. மகனுக்கும் செவிப்பறையில் ஓட்டை. எந்த முறை நல்லது என்று கேட்டா. ஓட்டை எங்கே, எவ்வளவு பெரிது, குழாய் எப்படி என்று பார்த்துத்தான் டொக்டர் தீர்மானிப்பார்; எனக்குச் சரிவந்தது பிள்ளைக்கும் சரிவரவேண்டும் என்றில்லை என்றேன். பிறகு, 1994ஐப் பற்றி மன்னிப்புக் கேட்டேன்.

அவ தலையைக் குனிந்துகொண்டு மெல்லச் சொன்னா: "ரெண்டு தரம் சொன்னேன் சேர்."

எனது இடது பக்கத்தில்தான் இருந்தா. தெளிவாகக் கேட்டது.