கிறிஸ்துமஸ் தட்டில் ஆழி

பண்டிகைச் சாப்பாடு என்றால் எல்லோரும் பெரிய பதார்த்தத்தைத்தான் புகழ்வார்கள். கிறிஸ்துமஸ் என்றால் பிரியாணி, கேக். ஆனால் அந்தப் பெரிய பதார்த்தத்துக்குப் பக்கத்தில், தட்டின் ஓரத்தில் ஒரு கரண்டி வைக்கிறோமே, அது ஒரு வருஷம் இல்லாமல் போகட்டும் பார்க்கலாம்! "இன்னாம்மா, இந்த வாட்டி அது இல்லியா?" என்று சின்னப் பிள்ளைகூடக் கேட்டுவிடும். ராயபுரத்தில் எங்கள் வீட்டில் அந்த 'அது', ஆழி ரொட்டிப் பிரட்டல்.

ஆழி என்றால் பல சகோதரிகளுக்குப் புரியாமல் இருக்கலாம். பாறையிலும், பாலத்துத் தூணிலும் சிமெண்டு வைத்துப் பூசினாற்போல் ஒட்டிக்கொண்டு வளரும் கடல் சிப்பி அது. முத்து எடுக்கும் சிப்பி வேறு. இது தின்கிற சிப்பி. மேலே பார்த்தால் கல் மாதிரி கரடுமுரடாக இருக்கும். உள்ளே பால் நிறத்தில் மெத்தென்ற சதை. நம் ஊருக்கும் இதற்கும் உள்ள உறவு கொஞ்சநஞ்சமல்ல. வெகுகாலமாக விஞ்ஞானிகள் இதற்கு வைத்திருந்த பெயர் 'கிராஸோஸ்ட்ரியா மெட்ராசென்சிஸ்'. பெயரிலேயே மெட்ராஸ் இருக்கிறது, பாருங்களேன்!

சிப்பியையும் ரொட்டியையும் சேர்த்துப் பண்டிகைக்குச் சமைப்பது நாங்கள் மட்டும் கண்டுபிடித்த வித்தையல்ல. அமெரிக்காவில் நன்றி கூறும் நாளுக்கும் கிறிஸ்துமஸுக்கும் வான்கோழி சமைப்பார்கள். அதன் வயிற்றுக்குள் அடைக்கவோ, பக்கத்தில் தனித் தட்டில் வைக்கவோ, பழைய ரொட்டியை உதிர்த்து, வெங்காயம், வெண்ணெய், சிப்பி, சிப்பி விட்ட தண்ணீர் எல்லாம் சேர்த்து வேக வைக்கிற பழக்கம் உண்டு. கடற்கரை ஊர்களில் தொடங்கிய பழக்கம், ரயில் வந்த பிறகு, பீப்பாயில் அடைத்த சிப்பியோடு கூடவே உள்நாட்டு ஊர்களுக்கும் போய்விட்டது. குளிர்காலத்தில்தான் சிப்பி கெடாமல் தாங்கும். அதனால் டிசம்பர் பண்டிகைக்கும் அதற்கும் முடிச்சு விழுந்தது. அப்போதெல்லாம் சிப்பி மலிவு. இன்றைக்குப்போலப் பணக்காரத் தீனி அல்ல.

எங்கள் வீட்டுக்கு இது வந்ததும் ரயிலை ஒட்டித்தான். தென்னிந்தியாவில் முதல் பயணிகள் ரயில் 1856-இல் ராயபுரத்திலிருந்துதான் கிளம்பியது. ரயில்வே வேலையை நம்பி ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் நிறைய இந்தப் பக்கம் குடியிருந்தன. என் மாமியார் 1972-இல் கல்யாணமாகி இந்தத் தெருவுக்கு வந்தபோது, பக்கத்து வீட்டில் அப்படி ஒரு ஆன்ட்டி இருந்தாராம். கிறிஸ்துமஸுக்குக் கோழியின் வயிற்றில் ரொட்டியும் ஈரலும் கலந்து அடைத்துச் சுடுவாராம். என் மாமியாரோ எண்ணூர் முகத்துவாரத்துக் குப்பத்தில் பிறந்தவர். ஆழி தின்று வளர்ந்தவர். "ஈரலுக்குப் பதிலா ஆழி போட்டா இன்னா?" என்று ஒரு வருஷம் போட்டுப் பார்த்தார். வெண்ணெய்க்குப் பதில் நல்லெண்ணெய், கூடவே மிளகு, பூண்டு. ஆன்ட்டி ருசி பார்த்துவிட்டு ஒரு கிண்ணம் கேட்டு வாங்கிப் போனாராம். அதிலிருந்து ராயப்பர் கோயிலில் நடுநிசிப் பூசை முடிந்து வந்த மறுநாள் மதியம், எங்கள் தட்டில் அது ஒரு கட்டாயம்.

பக்குவத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆழிச் சதை கால் கிலோ, ஒரு நாள் பழைய ரொட்டி ஆறு துண்டு, சாம்பார் வெங்காயம் இரண்டு கைப்பிடி, பூண்டு எட்டுப் பல், பச்சை மிளகாய் மூன்று, மிளகு சீரகப் பொடி இரண்டு ஸ்பூன், முட்டை ஒன்று, கொத்துமல்லித் தழை, கறிவேப்பிலை, நல்லெண்ணெய் மூன்று ஸ்பூன். ஆழியை ஓட்டோடு பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும். வேகும் முன்னாலேயே வாயைத் திறந்துகொண்டு, தட்டினாலும் மூடாமல் கிடப்பது செத்தது, தூக்கி எறியுங்கள். மீதியை ஒரு டம்ளர் தண்ணீரோடு பாத்திரத்தில் போட்டு மூடி, கொதி வந்து ஓடு திறந்த பிறகும் ஐந்து நிமிஷம் வேக விடுங்கள். வெந்தும் திறக்காததை வம்படியாகத் திறக்காதீர்கள், அதுவும் ஆகாது.

சதையை எடுத்துக்கொண்டு, பாத்திரத்தில் உள்ள தண்ணீரை வெள்ளைத் துணியில் வடிகட்டி வையுங்கள். மணல் அடியில் நின்றுவிடும். அந்தத் தண்ணீரில்தான் ருசி முழுக்க இருக்கிறது. எண்ணெயில் வெங்காயம், பூண்டு, மிளகாய், கறிவேப்பிலை வதக்கி, பொடி போட்டு, சதையை இரண்டாக நறுக்கிச் சேர்த்து ஒரு பிரட்டுப் பிரட்டி இறக்குங்கள். ரொட்டியை உதிர்த்துப் போட்டு, வடிகட்டிய தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்து, அடித்த முட்டையும் தழையும் கலந்து, எண்ணெய் தடவிய தட்டில் அழுத்தி இட்லிப் பானையில் இருபது நிமிஷம் ஆவியில் வையுங்கள். ஆழித் தண்ணீரிலேயே கரிப்பு உண்டு. ருசி பார்த்த பிறகே உப்பு. அத்தை காலத்தில் மூடியின் மேல் தணல் வைத்து மேற்பாகம் சிவக்க விடுவார்களாம். நான் தோசைக் கல்லில் ஒரு புரட்டுப் புரட்டி எடுக்கிறேன்.

இனி ஆழி எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லாமல் இந்தக் கதை முடியாது.

கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் இடம் எண்ணூர். வடக்கே பழவேற்காடு ஏரியோடும் அதற்குத் தொடர்பு உண்டு. உப்புத் தண்ணீரும் நல்ல தண்ணீரும் கலக்கும் இந்த மாதிரி இடம்தான் ஆழிக்குச் சொர்க்கம். அத்தை சிறுமியாக இருந்தபோது, தண்ணீர் வற்றும் நேரம் பார்த்துப் பெண்டுகள் கூடையும் சின்ன உளியுமாக இறங்குவார்களாம். ஆம்பளைகள் வலைக்குப் போனால், வீட்டுக் குழம்புக்கு இந்தப் பெண்கள் கைதான். ஆழி, மட்டி, கையால் துழாவிப் பிடிக்கும் இறால். ஓட்டைக்கூட வீணாக்க மாட்டார்கள். சுட்டால் சுண்ணாம்பு.

பிறகு ஒவ்வொன்றாக வந்தது. 1970-இல் எண்ணூரில் அனல் மின் நிலையம். அது 2017-இல் மூடப்பட்டது. அதற்குள் 1990-களில் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இன்னொன்று பெரிதாக வந்திருந்தது. 2001-இல் புதுத் துறைமுகம். நிலக்கரிச் சாம்பல் படிந்து ஆழம் குறைந்தது. 2017 ஜனவரி 28-ஆம் தேதி எண்ணூர்க் கடலில் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியதைப் பேப்பரில் நீங்களும் படித்திருப்பீர்கள், வாளியில் அள்ளினார்கள். 2023 டிசம்பர் முதல் வாரம் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மறுபடி எண்ணெய் வந்து முகத்துவாரம் முழுக்கப் பரவியது. படகு, வலை, கண்டல் மரம், கூழைக்கடா எல்லாம் கறுப்பு. போதாததற்குக் கப்பல்களோடு வந்ததாகச் சொல்லப்படும் 'காக்கா ஆழி' வேறு. பெயரில்தான் ஆழி, தென் அமெரிக்கப் பக்கத்துச் சிறு சிப்பி இனம் அது. பாய் விரித்தாற்போல் அடியை மூடிக்கொண்டு, இறாலுக்கும் மட்டிக்கும் இடமில்லாமல் செய்கிறது.

அந்த 2023 கிறிஸ்துமஸுக்கு அத்தையின் தம்பி வீட்டில் தொழிலுக்கே போகவில்லை. வலை பாழாகிவிட்டது. எங்கள் தட்டிலும் ஆழி இல்லை. அந்த வருஷம் யாரும் "அது இல்லியா?" என்று கேட்கவும் இல்லை.

2024 கிறிஸ்துமஸுக்குத்தான் உண்மையான சோதனை வந்தது. என் மகள் ஐந்து மாதம் முழுகாமல் வந்திருந்தாள். வாய்க்கு ஒன்றும் பிடிக்கவில்லை. "ஆயா, நீ செய்ற ஆழிதான் வேணும்" என்று பாட்டியிடம் பிடிவாதம். மசக்கைக்காரி கேட்டதைக் கொடுக்காவிட்டால் பிள்ளைக்குக் காது வடியும் என்று சொல்லுகிற ஊர் இது! அத்தையின் தம்பி பேரன் முகத்துவாரத்திலிருந்து ஒரு பை ஆழி கொண்டுவந்து கொடுத்தான். அத்தைக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. முற்றத்தில் உட்கார்ந்து ஒன்றைத் திறந்தார். முகர்ந்தார். ஓட்டின் ஓரத்தில் விரலைத் தேய்த்துப் பார்த்தார். விரலில் கறுப்பாக ஒட்டியது. இன்னொன்றைத் திறக்கவில்லை.

"வேணாம் தாயி. பொறந்த ஊரு ஆழி. நான் தின்னுட்டுச் செத்தாலும் பரவால்ல. புள்ளத்தாச்சிக்கு இதக் குடுக்க மாட்டேன்" என்றார். பையை அப்படியே கட்டி வைத்தார். என் மகளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆழிக்காக அல்ல, ஆயாவின் முகத்தைப் பார்த்து.

அத்தை செய்தது சரி என்று உடல்நலம் தெரிந்தவர்கள் யாரும் சொல்வார்கள். ஆழி நம்மைப்போலத் தேடிப் போய்த் தின்பதில்லை. இருந்த இடத்திலிருந்தே தண்ணீரை உறிஞ்சி, அதில் உள்ள நுண்ணுயிர்களை வடிகட்டித் தின்று, தண்ணீரை வெளியே விடும். ஒரு நாளைக்குப் பல லிட்டர். தண்ணீர் சுத்தமாக இருந்தால் இதைப் போலச் சத்துள்ள உணவு அபூர்வம்: துத்தநாகம், இரும்புச் சத்து, பி12 வைட்டமின் எல்லாம் ஏராளம். தண்ணீர் அசுத்தமாக இருந்தால், அசுத்தமும் அதே போல அதன் உடம்பில் சேரும்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கிருமி என்றால் நன்றாக வேக வைத்தால் சாகும். ஈயம், காட்மியம் போன்ற உலோகங்கள் எவ்வளவு கொதிக்க வைத்தாலும் போகாது. எண்ணெய் வாடையை அத்தையின் மூக்கு கண்டுபிடித்தது. உலோகத்துக்கு வாசனையே கிடையாது. ஆகவே, சிப்பி, மட்டி வாங்கும்போது "ஃப்ரெஷ்ஷா?" என்று கேட்டால் போதாது. "எந்தத் தண்ணியிலிருந்து எடுத்தது?" என்று கேளுங்கள். ஆலைக் கழிவோ, சாக்கடையோ கலக்கும் இடம் என்றால் மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். கர்ப்பிணிகள், சிறு குழந்தைகள், ஈரல் கோளாறு உள்ளவர்கள் பச்சையாகவோ அரைவேக்காடாகவோ சிப்பியைத் தொடவே கூடாது. இறால், நண்டு ஒத்துக்கொள்ளாமல் உடம்பு தடிக்கிறவர்களும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

சரி, அன்று என்ன சாப்பிட்டோம்? அத்தை என்னைக் காசிமேட்டுக்கு அனுப்பி, ஆழ்கடல் இறால் அரைக் கிலோ வாங்கி வரச் சொன்னார். தலையையும் ஓட்டையும் எறியாமல், ஒரு டம்ளர் தண்ணீரில் பத்து நிமிஷம் கொதிக்க விட்டு வடிகட்டினார். ஆழித் தண்ணீருக்குப் பதில் இந்தத் தண்ணீர். மற்றதெல்லாம் அதே பக்குவம். மகள் இரண்டு தடவை போட்டுக்கொண்டாள். சைவக்காரச் சகோதரிகள் காளானை வேக வைத்த தண்ணீரோடு, முட்டையை விட்டுவிட்டுச் செய்து பார்க்கலாம், நன்றாகவே வரும். ரொட்டி எந்தத் தண்ணீரைக் குடிக்கிறதோ அந்த ருசிதான் இந்தப் பதார்த்தம்.

ஆனாலும் "ஆழிக்கு ஈடு இல்ல" என்றாள் மகள். அத்தை பதில் பேசவில்லை.

துறைமுக ஊர் என்றால் ஆழியை இழக்கத்தான் வேண்டுமா? நியூயார்க் துறைமுகத்தின் கதை நமக்கு ஒரு பாடம். ஒரு காலத்தில் அங்கே தெருவோர வண்டிகளில், நம் மெரினா சுண்டல் மாதிரி, சிப்பி விற்றார்கள். சாக்கடையும் ஆலைக் கழிவும் கலந்து, சிப்பியால் டைபாய்டு பரவுகிற அளவுக்குப் போய், 1927-இல் கடைசிச் சிப்பிப் படுகையையும் மூடிவிட்டார்கள். 1972-இல் தண்ணீரைக் காக்கச் சட்டம் வந்தது. 2014 முதல் 'பில்லியன் ஆய்ஸ்டர் ப்ராஜெக்ட்' என்று ஒரு திட்டம் நடக்கிறது. ஓட்டல்களில் மிஞ்சும் ஓடுகளைச் சேர்த்து, அவற்றின் மேல் குஞ்சுச் சிப்பியை வளர்த்து, பள்ளிக்கூடப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு துறைமுகத் தண்ணீரில் விடுகிறார்கள். அந்தச் சிப்பி தின்பதற்கு அல்ல, தண்ணீரை வடிகட்டுவதற்கு!

நம் நாட்டிலும் வழி இல்லாமலில்லை. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1970-களிலேயே தூத்துக்குடியில் ஆழி வளர்ப்பை ஆராய்ந்து முறை கண்டது. கேரளத்துக் காயல்களில், கயிற்றில் ஓடுகளைக் கோத்துத் தொங்கவிட்டு ஆழி வளர்க்கிறார்கள். அதில் மகளிர் சுயஉதவிக் குழுக்களும் உண்டு. விற்கும் முன் சுத்தமான கடல் தண்ணீரில் போட்டு வைத்து, வயிற்று அழுக்கைக் கழிய விடுகிற முறையும் இருக்கிறது. எண்ணூர்ப் பெண்களுக்கும் அது தெரியாத தொழிலா என்ன? கை இருக்கிறது, அறிவு இருக்கிறது, தண்ணீர்தான் வேண்டும்.

என் பேத்திக்கு இப்போது பல் முளைத்துவிட்டது. இறால் போட்ட பிரட்டலை அவளுக்குப் பிசைந்து ஊட்டும் நாள் வெகு தூரத்தில் இல்லை. அவளுக்காக அத்தை பக்குவத்தை ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொன்னார். நான் 'இறால்' என்று எழுதப் போனேன். "ஆழின்னே எழுது. பக்கத்துல இறால்னு போட்டுக்க" என்றார். அப்படியே எழுதியிருக்கிறேன்.