வெட்டக் கூடாத கார்

மோட்டார் காரைப் பற்றி எழுத நமக்கு என்ன யோக்கியதை என்று கேட்கப் போகும் நேயர்களுக்கு முன்கூட்டியே பதில் சொல்லி விடுகிறோம். நன்றாயிருந்த ஒரு கியர்ப் பெட்டியை நாற்பதே மைலில் எரித்துத் தீர்த்தவர்கள் நாம். இதைவிடப் பெரிய யோக்கியதா பத்திரம் இந்தத் துறையில் யாரிடமும் இருக்க முடியாது.

நாம் குடியிருப்பது அமெரிக்காவில், மிஷிகன் மாகாணத்தில், போன்டியாக் என்ற ஊருக்குப் பக்கத்தில். அவ்வூரின் பெயரையே தாங்கிய கார்கள் அங்கே நெடுங்காலம் தயாராகி வந்தன. 2010-ஆம் வருஷத்தோடு அந்தப் பெயர் மோட்டார் உலகிலிருந்து மறைந்து போயிற்று. நமது அண்டை வீட்டுக் கிழவர் அந்தத் தொழிற்சாலையில் கதவு பொருத்தும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் ஆசையாக வைத்திருந்த 1967-ஆம் வருஷத்து ஜி.டி.ஓ. கார் முதுமை காரணமாக நம் கைக்கு வந்தது. கூடவே இரண்டு நிபந்தனைகளும் வந்தன. ஒன்று, காரில் எந்த இடத்தையும் வெட்டக் கூடாது. மற்றொன்று, வருஷத்துக்கு ஒரு தடவை அதே காரில் தம்மை டொலீடோவிலுள்ள மகள் வீட்டுக்கு அழைத்துப் போக வேண்டும். விலையைப் பற்றி அவர் அதிகம் பேரம் பேசவில்லை.

ஜி.டி.ஓ.வின் பூர்வோத்தரத்தைச் சொன்னால்தான் மேலே நடந்தது விளங்கும். நடுத்தர அளவுள்ள கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட எஞ்ஜின் வைக்கக் கூடாது என்று கம்பெனித் தலைமையில் ஒரு விதி இருந்தது. போன்டியாக் எஞ்ஜினீயர்கள் 1964-இல் அந்த விதியை மெதுவாகச் சுற்றிக் கொண்டு போய், 389 கன அங்குல எஞ்ஜினை 'வேண்டுவோர் வாங்கிக் கொள்ளலாம்' என்ற உபரிச் சாமான் வரிசையில் சேர்த்து விட்டார்கள். இப்படிச் சிறிய உடம்பில் பெரிய எஞ்ஜினைத் திணித்த வண்டிகளுக்குத்தான் 'மஸில் கார்' என்று பெயர். புஜபலக் கார் என்று நாம் சொல்லலாம். 1967-இல் எஞ்ஜின் 400 கன அங்குலமாயிற்று. சாதாரண ரகத்துக்கே 335 குதிரைச் சக்தி.

பலத்துக்குக் குறைவில்லை. குறைவெல்லாம் கியரில்தான். அந்தக் காலத்து ஆட்டோமாட்டிக் பெட்டியில் மூன்றே கியர்கள். மூன்றாவதில் எஞ்ஜின் ஒரு சுற்றுச் சுற்றினால் பின்னால் போகும் தண்டும் ஒரு சுற்று. நம் வண்டியின் பின் அச்சுக் கணக்குப்படி, மணிக்கு 70 மைல் வேகத்தில் எஞ்ஜின் நிமிஷத்துக்கு 3,200 தடவை சுழன்றாக வேண்டும். கால் மைல் பந்தயத்துக்கு அது சங்கீதம். டொலீடோவுக்கோ 80 மைலுக்கு மேல் போக வேண்டும். முதல் வருஷப் பிரயாணத்தில் கிழவர் பத்தாவது மைலில் காதுக் கருவியைக் கழற்றிப் பையில் போட்டுக் கொண்டார். மகள் வீடு போய்ச் சேர்ந்ததும், பேசத் தெம்பில்லை என்று படுத்து விட்டார். மறு வருஷம், "நான் பஸ்ஸில் போய்க் கொள்கிறேன்" என்றார். அந்த வார்த்தை நம்மைச் சுட்டது.

வேண்டியது நாலாவது கியர் ஒன்று. எஞ்ஜின் மூன்றில் இரண்டு பங்கு சுழன்றாலே தண்டு முழுச் சுற்றுச் சுற்றும்படியான 'ஓவர்டிரைவ்' கியர். 1973-இல் எண்ணெய்ப் பஞ்சம் வந்து, 1974-இல் தேசம் முழுவதற்கும் 55 மைல் என்று வேகக் கட்டுப்பாடு வந்து, 1975-இல் பெட்ரோல் சிக்கனச் சட்டமும் வந்த பிறகு, ஜெனரல் மோட்டார்ஸ் இரண்டு பெட்டிகளைச் செய்தது. 1981-இல் வந்தது 200-4ஆர். 1982-இல் வந்தது 700ஆர்4. சிக்கனத்துக்காகப் பிறந்த பெட்டியை ஊதாரித்தனத்துக்காகப் பிறந்த எஞ்ஜினோடு சேர்ப்பது என்றால், ஜாதகம் பார்க்காமல் செய்கிற கலியாணம் அல்லவா? ஆனாலும் நாம் பார்த்தோம்.

நம் மைத்துனர் 700ஆர்4-தான் வேண்டும் என்றார். பேரும் பெற்றது, எங்கும் கிடைப்பது. ஆனால் அது செவ்ரோலே எஞ்ஜினுக்குப் பொருந்தும்படி துளையிட்டது. போன்டியாக்குக்கு இடையே ஒரு தகடு வைக்க வேண்டும். நீளமும் அதிகம். தாங்கு சட்டத்தை நகர்த்த வேண்டும், தண்டை வெட்டிக் குறைக்க வேண்டும். 'வெட்ட' என்ற சொல் வந்ததுமே அந்தப் பேச்சு முடிந்தது.

200-4ஆர் அப்படியல்ல. அதன் முன்வாயில் செவ்ரோலேக்கு ஒன்று, ப்யூயிக், ஓல்ட்ஸ்மொபைல், போன்டியாக் மூன்றுக்கும் பொதுவாக ஒன்று என்று இரண்டு வரிசைத் துளைகளும் உண்டு. பழைய பெட்டி உட்கார்ந்த தாங்கு சட்டத்திலேயே இதுவும் உட்கார்ந்து கொள்கிறது. தண்டின் முன்முனையை மட்டும் மாற்ற வேண்டும். பழையதில் 32 பற்கள், புதியதில் 27. மென்மையான பெட்டி என்று சிலர் பயமுறுத்துவார்கள். 1987-ஆம் வருஷத்து ப்யூயிக் கிராண்ட் நேஷனல், 245 குதிரைச் சக்தியோடு, இந்தப் பெட்டியை வைத்துக் கொண்டுதான் பெரிய கார்களையெல்லாம் பின்னே தள்ளியது. நாமும் உள்ளே கெட்டியான தகடுகள் போட்டுப் புதுப்பித்த பெட்டி ஒன்றை வாங்கி, மூன்று சனிக்கிழமைகளில் மாட்டி விட்டோம். கீழே படுத்திருந்தவர் மைத்துனர். மேலே நின்று ஆலோசனை சொன்னவர் நாம்.

இனி வருவது நம் அவமானப் படலம்.

அந்தப் பெட்டிக்குக் கண் கிடையாது. காரோட்டி காலை எவ்வளவு அழுத்துகிறான் என்பது, கார்புரேட்டரிலிருந்து வரும் ஒரு மெல்லிய கம்பி வழியாகத்தான் அதற்குத் தெரியும். கம்பி இழுபட இழுபட உள்ளே எண்ணெயின் அழுத்தம் உயரும். அந்த அழுத்தமே கிளச்சுத் தகடுகளை இறுகப் பிடிக்கும். கம்பி தளர்ந்திருந்தால், 335 குதிரைகள் இழுக்கும்போது தகடுகள் அரைமனதாய்ப் பிடித்து, வழுக்கி, தேய்ந்து, எரியும். நம் காரில் ஆதியில் இருந்த குவாட்ராஜெட் கார்புரேட்டரை யாரோ என்றைக்கோ எடுத்து விட்டு வேறொன்று வைத்திருந்தார்கள். அதன் நெம்புகோல் குட்டையானது. கால் முழுவதும் அழுத்தினாலும் கம்பி பாதிதான் இழுபட்டது. மைத்துனர் இதை அளந்து பார்க்க வேண்டும் என்றார். "இவ்வளவு பெரிய பெட்டி, இந்த நூல் கம்பிக்காகவா கெடப் போகிறது?" என்று கேட்டவர் நாமேதான்.

வடக்கு நோக்கி வெள்ளோட்டம் போனோம். நாற்பதாவது மைலில் எஞ்ஜின் உறுமியது. கார் நகர மறுத்தது. சிவப்பாய் இருக்க வேண்டிய எண்ணெய் காப்பி டிகாக்ஷன் நிறத்தில் வந்தது. வாசனை மட்டும் காப்பி வாசனை அல்ல. இழுவை வண்டியின் முதுகில் கார் வீடு திரும்பிய காட்சியைக் கிழவர் தம் வாசலிலிருந்து பார்த்தார். தடியை ஊன்றிக் கொண்டு மெல்ல வந்து, டார்ச் விளக்கை அடித்து அடிப்பக்கமெல்லாம் தேடினார்.

"எங்கேயும் வெட்டவில்லையே?"

"இல்லை, ஐயா."

"அப்படியானால் சரி. மற்றதெல்லாம் பணத்தோடு போகும்" என்று சொல்லி விட்டுப் போனார்.

இரண்டாவது பெட்டிக்குப் பணம் சேர எட்டு மாதம் ஆயிற்று. இந்தத் தடவை குவாட்ராஜெட்டையே தேடி வைத்து, கம்பிக்கு உரிய தாங்கியும் போட்டு, பெட்டியின் பக்கத்தில் அழுத்தமானியைத் திருகி, காலின் ஒவ்வோர் அசைவுக்கும் முள் எப்படி ஏறுகிறது என்று பார்த்த பிறகுதான் காரை வீதியில் இறக்கினோம். ஆலோசனை சொல்லும் வேலையை மைத்துனருக்குக் கொடுத்து விட்டு, நாம் கீழே படுத்துக் கொண்டோம்.

அந்த ஆகஸ்டில் கிழவர் முன் ஆசனத்தில் ஏறி உட்கார்ந்தார். நெடுஞ்சாலையில் நாலாவது கியர் விழுந்தது. முள் 3,200-லிருந்து 2,150-க்கு இறங்கிற்று. காதுக் கருவியைத் தொடப் போன கை பாதியிலே நின்றது.

"எஞ்ஜின் நின்று விட்டதா?" என்று கேட்டார்.

"ஓடிக் கொண்டுதான் இருக்கிறது."

மன்ரோ என்ற ஊர் வரையில் தொழிற்சாலைக் கதையெல்லாம் சொல்லிக் கொண்டு வந்தார். பிறகு சற்று நேரம் மௌனமாயிருந்து விட்டு, "ஒரு நிமிஷம் மூன்றிலே போடு" என்றார்.

போட்டோம். எஞ்ஜின் பழையபடி கர்ஜித்தது. கண்ணை மூடிக் கொண்டு கேட்டார்.

"போதும், நாலிலே போடு. மகளிடம் நிறையப் பேச வேண்டியிருக்கிறது."