துலாக்கோலின் மறுதட்டு

பங்கின் வரவு செலவைச் சரிபார்ப்பதும் மேய்ப்புப் பணியின் ஒரு பகுதியே. கடந்த ஆண்டு பங்குக் காரின் பயணப் பதிவேட்டைப் புரட்டினோம். ஆறேழு ஆண்டுகளுக்கு முன் லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடிய கார், இப்போது 14 மட்டுமே ஓடியிருந்தது. பழுது ஏதுமில்லை எனப் பட்டறையில் கூறிவிட்டனர். உடனே நம் ஐயம் ஓட்டுநர்மீது பாய்ந்தது. பல்லாண்டுகளாக நம்மைக் கிளைப்பங்குகளுக்கு அழைத்துச் செல்பவர் அவர். “பெட்ரோல் கணக்கு உதைக்கிறதே!” என்றோம். அவர் முகம் வாடியது. “வண்டியும் மாறல, நானும் மாறல சாமி, பெட்ரோல்தான் மாறிப்போச்சு” என்று மட்டும் சொன்னார்.

அவர் சொன்னது உண்மை. பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலக்கும் இலக்கை நம் நாடு 2025-இல் எட்டியது. ஒரு லிட்டர் எத்தனாலின் ஆற்றல், பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. எனவே ஐந்தில் ஒரு பங்கு கலந்தால், கலவையின் ஆற்றல் 6 அல்லது 7 விழுக்காடு குறையும். பழைய வகைக் கார்களில் இந்த அளவு இழப்பு நேரும் என நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையும் கணித்திருந்தது. காணாமற்போன அந்த ஒரு கிலோமீட்டரை எவரும் களவாடவில்லை.

அப்படியாயின் இந்த எரிபொருளால் என்ன பயன் என்று சலித்துக்கொண்டோம். அதுவும் அரைக் கணக்கே. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிகையில் ஏறத்தாழ 2.3 கிலோ கரியமிலவாயு வெளியேறுகிறது. அது நிலத்தின் ஆழத்தில் புதைந்துகிடந்த கரி. எத்தனாலின் கரியோ, கரும்பும் மக்காச்சோளமும் வளர்கையில் காற்றிலிருந்து ஈர்த்தது. இது துலாக்கோலின் ஒரு தட்டு.

மறுதட்டில் உரமும், பாசன நீரும், வடிசாலையின் எரிபொருளும் உள்ளன. கரும்புச் சக்கையை எரிக்கும் ஆலைக்கும் நிலக்கரியை எரிக்கும் ஆலைக்கும் வேறுபாடு பெரிது. தழைச்சத்து உரமிட்ட வயலிலிருந்து எழும் நைட்ரஸ் ஆக்சைடு, எடைக்கு எடை, கரியமிலவாயுவைவிட ஏறத்தாழ 270 மடங்கு வெப்பமூட்டவல்லது. அரிசியிலிருந்தும் எத்தனால் வடிக்கப்படுவதால், பசித்தவரின் கலயமும் அத்தட்டில் ஏறுகிறது. பூமியின் அழுகுரலையும் ஏழையரின் அழுகுரலையும் சேர்த்தே கேட்குமாறு, மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் ‘இறைவா உமக்கே புகழ்’ சுற்றுமடலில் பணித்தது நினைவுக்கு வருகிறது.

மாற்று எரிபொருள் வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. ஆனால் அது மனச்சான்றுக்கு விடுமுறை தந்துவிடாது. கிளைப்பங்குகளுக்குத் தனித்தனியே சென்றுவந்த நாம், இப்போது ஒரே சுற்றில் முடித்துத் திரும்புகிறோம். அருகிலுள்ள நோயாளர்களுக்கு நற்கருணையை நடந்தே கொண்டுசெல்கிறோம். எரிக்காத பெட்ரோலுக்குப் புகையில்லை அல்லவா?

ஓட்டுநரிடம் மன்னிப்பு வேண்டினோம். “பரவாயில்ல சாமி” என்றார். ஆயினும் அன்று வாடிய முகம் இன்னும் நம்மை உறுத்துகிறது. அன்பர்களே, முழுக் கணக்கையும் கேளாமல் எவர்மீதும் தீர்ப்பிடாத நெஞ்சை இறைவன் நமக்கு அருள்வாராக!