மாசு என்று ஒதுக்கப்படாத கரிமம்

காந்தமும் மீக்கடத்தலும் ஓருறையில் இடமுடியாத இரு வாள்கள் என்றே இயற்பியலார் நெடுங்காலம் கருதினர். 1957இல் பார்டீன், கூப்பர், ஷ்ரீஃபர் ஆகியோர் விளக்கியபடி, மீக்கடத்தியில் எதிரெதிர்த் தற்சுழற்சி கொண்ட எலெக்ட்ரான்கள் இணைசேர்ந்து மின்தடையின்றிச் செல்கின்றன. காந்த அணுவோ அத்தற்சுழற்சிகளை ஒரே திசைக்குத் திருப்ப முயன்று இணையைக் குலைக்கிறது. லாந்தனத்தில் ஏறத்தாழ 1 விழுக்காடு கடோலினியம் கலந்தாலே மீக்கடத்தல் அழிந்துவிடுவதை மத்தியாஸ் குழுவினர் 1958இல் காட்டினர். 1977இல் ஆராயப்பட்ட எர்பியம் ரோடியம் போரைடும் அதையே உறுதிப்படுத்தியது: 8.7 கெல்வினில் மீக்கடத்தியான அது, 0.9 கெல்வின் அருகே ஃபெர்ரோகாந்தமாகித் தன் மீக்கடத்தலை இழந்தது.

இப்பின்னணியில்தான் மும்பை டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனத்தின் பணியை எண்ணிப்பார்க்க வேண்டும். அங்கே இட்ரியம், நிக்கல், போரான் சேர்ந்த மாதிரி ஒன்றில், 12 கெல்வின் அளவில் மீக்கடத்தலின் மெல்லிய அறிகுறி தென்பட்டது. மாதிரியின் மிகச் சிறு பகுதியே அதற்குக் காரணம். நிக்கலோ பெயர்பெற்ற காந்த உலோகம். 'ஏதோ மாசு' என்று எழுதிக் கடந்து செல்வது எளிதாக இருந்திருக்கும். ஆர். நாகராஜன், சந்தன் மஜும்தார், எல். சி. குப்தா, ஆர். விஜயராகவன் முதலானோர் அவ்வாறு கடந்து செல்லவில்லை. கரிமத்தை வேண்டுமென்றே சேர்த்தபோது அறிகுறி வலுப்பெற்று, மாதிரியின் பெரும்பகுதிக்கும் உரிய பண்பாயிற்று. 1994 சனவரியில் 'ஃபிசிகல் ரிவ்யூ லெட்டர்ஸ்' இதழில் அக்கட்டுரை வெளிவந்தது. அதே மாதம் பெல் ஆய்வகத்தின் காவா குழுவினர், லுட்டீசியம் கொண்ட ஒத்த சேர்மம் 16 கெல்வினையும் தாண்டுவதை 'நேச்சர்' இதழில் அறிவித்தனர்.

இக்குடும்பத்தில் ஹோல்மியம் கொண்ட சேர்மம் மிகவும் வியப்புக்குரியது. 8 கெல்வின் அளவில் அது மீக்கடத்தியாகிறது. 5 கெல்வினை நெருங்குகையில் காந்தத் திருப்பங்கள் சுருள்வடிவில் அமைய, மீக்கடத்தல் தளர்கிறது. மேலும் குளிர்ந்தால், அடுத்தடுத்த அடுக்குகளின் காந்தத் திருப்பங்கள் ஒன்றையொன்று ஈடுசெய்ய, மீக்கடத்தல் மீள்கிறது. எலெக்ட்ரான் இணையின் பரப்பு பல அடுக்குகளைத் தழுவுவதால், எதிரெதிர்க் காந்தங்களின் விளைவு அதற்குள்ளேயே சமனாகிவிடுகிறது. நியூட்ரான் சிதறல் சோதனைகள் இக்காந்த ஒழுங்குகளைத் தெளிவாக்கின.

'மாசு' என்பது பொருளின் பண்பைச் சுட்டும் சொல்போலத் தோன்றினும், ஆய்வாளரின் எதிர்பார்ப்பைச் சுட்டுவதே அதன் பணி. எதிர்பார்த்தது எதுவோ அது மாதிரி, எஞ்சியது மாசு. விசாரணைக்கு முன்பே எழுதப்பட்ட தீர்ப்பு அது. தார்நாகாவைச் சூழ்ந்த ஆய்வகங்களிலும் விடுதிகளிலும், வரைபடத்தில் ஒட்டாத ஒரு புள்ளியை என்ன செய்வது என்று மாணவர் பலர் இன்றும் தயங்குவர். உதவித்தொகை முடியும் நாளும் ஆய்வேட்டின் கெடுவும் அப்புள்ளியை அழிக்கவே சொல்லும். அதை மறுபடி அளப்பதற்கு ஒரு வாரம் தரும் நெறியாளரும், அவ்வாரத்தைக் கேட்கத் துணியும் மாணவரும் இருந்தால்தான் அடுத்த கரிமம் கண்ணில் படும்.