அரை அங்குலம்

மீன் உண்பதில் எனக்குள்ள அனுபவம் அறுபது ஆண்டுகளுக்கு மேற்பட்டது. மீன் பிடிப்பதிலோ ஒரே ஒரு நாள் அனுபவமே உண்டு. அந்த ஒரு நாளும் கையில் அகப்பட்ட மீனைக் கடலுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வீடு வந்து சேர்ந்தேன். இதைப்பற்றி எழுத என்ன இருக்கிறது என்று என் மனைவி கேட்கிறாள். இருக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது.

2024ஆம் ஆண்டு சித்திரை மாதத்தில் மகள் வீட்டில் தங்கியிருந்தேன். அவள் குடும்பம் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், தாம்பா நகருக்குத் தெற்கே, மெக்சிக்கோக் குடாவை அடுத்த சிற்றூர் ஒன்றில் வசிக்கிறது. பக்கத்து வீட்டில் ஒரு கிழவர். அவர் என்னிலும் நான்கு வயது மூத்தவர் ஆதலால் அவரைக் கிழவர் என்றழைக்க எனக்கு உரிமையுண்டு. வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய சிறு படகொன்று அவர் வீட்டு முற்றத்திலேயே வண்டியில் ஏற்றப்பட்டு நிற்கும். ஒருநாள் மாலை அவர் வேலியோரம் வந்து, மறுநாள் விடியற்காலை என்னையும் என் பேரனையும் கடலுக்கு அழைத்துச் செல்வதாகச் சொன்னார்.

அந்நாட்டில் விளையாட்டுக்குத் தூண்டில் போடுவதற்கும் அனுமதிச்சீட்டு வேண்டும். வெளியூரவனான நான் மூன்று நாளைக்குரிய சீட்டை 17 டொலர் கொடுத்து வாங்கினேன். அம்மாநிலத்தில் வசிப்போருள் 65 வயது கடந்தவர்களுக்கும், பதினாறு நிரம்பாத சிறுவர்களுக்கும் சீட்டுத் தேவையில்லை. எனவே கிழவரும், பதினொரு வயதுப் பேரனும் இலவசமாக வர, படகிற் பணம் கட்டியவன் நான் ஒருவனாகவே இருந்தேன்.

நாங்கள் தேடிச் சென்ற மீனுக்கு ட்ரிப்பிள்டெயில் என்று பெயர். தமிழில் மூவால் மீன் எனலாம். உண்மையில் அதற்கு வால் ஒன்றுதான். முதுகுச் செட்டையும் அடிச்செட்டையும் பின்புறமாக நீண்டு, வாலோடு சேர்ந்து மூன்று வால்கள்போலத் தோற்றுகின்றன. லொபோட்டெஸ் சூரினாமென்சிஸ் என்பது விஞ்ஞானிகள் இட்ட பெயர். 1790இல் புளொக் என்னும் ஜேர்மானிய அறிஞர், தென்னமெரிக்காவிலுள்ள சூரினாமின் பெயரால் அதனை விவரித்தார். பெயர் சூரினாமுடையதேனும் மீன் அந்நாட்டுக்கு மாத்திரம் உரியதன்று. நம் இந்துசமுத்திரம் உட்பட வெப்பக் கடல்கள் பலவற்றிலும் அது வாழ்கிறது. தூண்டிலிற் பிடிபட்டவற்றுள் மிகப் பெரியதென்று பதியப்பட்ட மீன் 1989இல் தென்னாபிரிக்காவின் சூலுலாந்துக் கரையில் அகப்பட்டது. அதன் நிறை 42 இறாத்தல் 5 அவுன்சு.

இம்மீனின் சோம்பலை என்னவென்று சொல்வது! நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே, ஒருக்களித்துப் படுத்தபடி மிதக்கிறது. மிதவையோ, மரத்துண்டோ, பாசித்திரளோ எது கிடைத்தாலும் அதன் நிழலில் ஒதுங்கிக்கொள்கிறது. குஞ்சுகள் மஞ்சளும் மண்ணிறமுமாகப் பழுத்த கண்டல் இலைபோலவே மிதந்து, தின்ன வரும் பெரிய மீன்களை ஏமாற்றுகின்றன. வளர்ந்தபின் அந்த ஏமாற்றுவித்தை மனிதனிடம் பலிப்பதில்லை. கடலிற் கிடக்கும் பிளாஸ்டிக் பையென்று புதியவன் கடந்துபோவான். பழகியவன் படகை நிறுத்துவான்.

அக்கரையோரக் கடலில் ஒக்டோபர் நடுப்பகுதியிலிருந்து மே முதலாந் திகதிவரை கல்நண்டு பிடிக்கும் பருவம். நண்டுக்கூடு கடலடியிற் கிடக்க, கயிற்றிற் கட்டிய மிதவை மேலே ஆடும். அப்படி நூற்றுக்கணக்கான மிதவைகள் வரிசை வரிசையாக நிற்கும். (கல்நண்டை முழுதாகப் பிடித்துக்கொண்டு போக அங்கே சட்டம் இடந்தராது, அளவுள்ள கடுக்காலை மாத்திரம் ஒடித்தெடுத்து நண்டைத் திரும்பக் கடலில் விடவேண்டும். கடுக்கால் மீண்டும் முளைக்குமாம். பேரன் இதைச் சொன்னபோது நான் நம்பவில்லை.) பிறருடைய கூட்டைத் தொடுவது குற்றம், மிதவையின் நிழலிற் கிடக்கும் மீனுக்குத் தூண்டில் போடுவது குற்றமன்று. ஆகவே தூண்டிற்காரர்கள் மிதவை வரிசையோடு படகைச் செலுத்தி, ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்துக்கொண்டே போவார்கள்.

நாங்களும் அவ்வாறே போனோம். போகும்போது கிழவர் தம் மனக்குறையை எடுத்துரைக்கத் தொடங்கினார்.

புளோரிடாவில் ஒருவர் ஒரு நாளில் இரண்டு மூவால் மீன்களுக்கு மேல் வைத்திருக்கலாகாது. மீனின் நீளம் முன்பு 15 அங்குலம் இருந்தாற் போதும். 2018ஆம் ஆண்டு யூலை முதலாந் திகதி முதல் அதை 18 அங்குலமாக மாநில ஆணைக்குழு உயர்த்தியது. அத்தோடு நில்லாமல், சமஷ்டி அரசுக்குரிய வெளிக்கடலுக்கும் அச்சட்டத்தை நீட்டியது. அந்தப் பக்கத்தில் மாநிலக் கடல் கரையிலிருந்து ஒன்பது கடல்மைல். அதற்கப்பால் இந்த மீனுக்கென்று சமஷ்டி அரசு எந்த வரம்பும் விதிக்காதிருந்தது.

“இம்மீன் எத்தனை இருக்கிறது என்று எவனாவது எண்ணினானா? எண்ணவில்லை. குறைந்துவிட்டது என்று நிறுவினானா? அதுவும் இல்லை. எண்ணாமலே பூட்டுப் போடுகிறார்கள்” என்றார் கிழவர். “லூசியானாவில் ஒருவருக்கு ஐந்து. டெக்சாசில் மூன்று, நீளமும் பதினேழு போதும். இங்கே இரண்டு. கடல் ஒன்று, மீன் ஒன்று. மாநில எல்லை எங்கே என்று மீனுக்குத் தெரியுமா?”

அவர் சொன்னதில் பொய்யில்லை. சட்டம் மாறிய காலத்தில் அம்மீனின் தொகையை முறையாக மதிப்பிட்ட கணிப்பு எதுவும் கையில் இருக்கவில்லை. அது வலையில் திரளாக அகப்படும் மீனன்று. பெருவணிகம் இல்லாத மீனை ஆராயப் பணம் ஒதுக்குவோர் குறைவு. மிசிசிப்பியிலுள்ள குடாக்கரை ஆராய்ச்சி நிலையத்தார் முதுகுச் செட்டை முள்ளைக் குறுக்கே வெட்டி, மரத்தில் எண்ணுவதுபோல் வளையங்களை எண்ணி வயது கண்டிருக்கிறார்கள். மீன் வெகு விரைவாக வளர்கிறது என்பதும், பெண்மீன் ஏறத்தாழ ஓராண்டில், 18 அங்குலத்தையொட்டிய பருவத்தில் முட்டையிடும் தகுதி பெறுகிறது என்பதும் தெரிந்தன. ஆணைக்குழு பதினெட்டைப் பிடித்துக்கொண்டதற்குக் காரணமும் இதுவே: பிடிபடுமுன் ஒருமுறையாவது முட்டையிடட்டும் என்பது.

“இவ்வளவு விரைவாக வளர்கிற மீனுக்கு ஏன் காவல்?” என்றார் கிழவர்.

பேரன் அதுவரை மிதவைகளை எண்ணிக்கொண்டிருந்தான். “இவ்வளவு இலகுவாகப் பிடிபடுகிற மீன் ஆயிற்றே” என்றான். “வேறு மீனைத் தேடவேண்டும். இது தானே மேலே வந்து படுத்திருக்கிறது. படகுள்ளவர் எல்லாரும் ஒவ்வொரு மிதவையாகப் பார்த்துக்கொண்டு போனால் எது மிஞ்சும்?”

“நீ எண்ணிப் பார்த்தாயா?”

“இல்லை. நீங்கள்?”

கிழவர் சிரித்துவிட்டார். இருவரில் எவர் பக்கம் சேர்வது என்று எனக்குத் தெரியவில்லை. ஒரே அறியாமை அவருக்கும் சாட்சி சொல்கிறது, சிறுவனுக்கும் சாட்சி சொல்கிறது. தெரியாது, ஆகையால் பிடிப்போம் என்கிறார் அவர். தெரியாது, ஆகையால் பொறுப்போம் என்கிறான் இவன். பொறுத்தது தவறாய்ப் போனால் எனக்கு ஒரு நாட் கறி நட்டம். பிடித்தது தவறாய்ப் போனால் நட்டத்தைக் கணக்கிட அப்போது மீன் இராது. இப்படி எண்ணியபோது பேரன் பக்கம் மனம் சாய்ந்தது.

மன்னார்க் குடாவின் கரையில் முன்னாளில் சென்னை அரசாங்கத்தார் சங்குகுளிப்பை நடத்தியபோதும் இத்தகைய ஒரு முறை இருந்தது. வட்டத் துளையிட்ட மரச்சட்டத்தில் ஒவ்வொரு சங்கையும் இட்டுப் பார்ப்பார்கள். துளையினூடு விழும் சிறு சங்கு உயிரோடிருந்தால் கடலுக்கே திரும்பும். அங்கே அளவு பார்த்தது கடலில் மூழ்கி வயிறு வளர்த்தவனுடைய உழைப்பை. கையிலிருந்து கழித்துப்போட்ட ஒவ்வொரு சங்கும் அவன் கூலியிற் குறைந்தது. இங்கே நாங்களோ பொழுதுபோக்குக்கு வந்தவர்கள். வீட்டுக் குளிர்ப்பெட்டியில் மீன் இருக்கிறது. தூண்டில் விளையாட்டாக இருக்கும்போது சீலம் பேசுவது எளிது. இதை எண்ணியதும் என் தீர்ப்பின் உறுதி சற்றுத் தளர்ந்தது. அதை அவ்விருவரிடமும் நான் சொல்லவில்லை.

ஒன்பது மணியளவில் கிழவர் இயந்திரத்தை நிறுத்தினார். வெளுத்துப்போன ஒரு மிதவையின் அடியில் கருமண்ணிறத்தில் ஏதோ சாய்ந்து கிடந்தது. உயிர் இறால் கோத்த தூண்டிலை என் கையிலே தந்து, மிதவைக்கு அப்பால் வீசி மெல்ல இழுக்கச் சொன்னார். என் முதல் வீச்சு மிதவைக்கு எட்டவில்லை. இரண்டாவது மிதவைக் கயிற்றிற் சிக்கப் பார்த்தது. மூன்றாவது வீச்சில், அதுவரை உறங்கியதுபோற் கிடந்த அந்தச் சோம்பேறி எழுந்து நிமிர்ந்தது, இறாலைக் கண்டது, விழுங்கியது. அதன்பின் நடந்ததை விவரிக்க எனக்குச் சொற்கள் போதா. தூண்டில் வளைந்து, மீன் நீரைவிட்டு மேலே துள்ளி, நான் கத்தி, பேரனும் கத்தி, இறுதியிற் கிழவர் கைவலையால் அள்ளிப் படகினுள் இட்டார்.

“உம்முடைய மீன், நீரே அளவும்” என்று ஈரத்துணி விரித்த அளவுப் பலகையை என் முன்னே வைத்தார்.

அளப்பதற்கும் முறையுண்டு. மீனின் வாய் மூடியிருக்க வேண்டும். வாலைச் சேர்த்துப் பிடித்து நுனிவரை அளக்க வேண்டும். மூக்கைப் பலகையின் முனையில் முட்டவைத்து, பெருவிரலால் கீழ்த்தாடையை அழுத்தி, வாலைச் சேர்த்தேன். பதினேழரை.

மறுபடி அளந்தேன். பதினேழரைதான். வாலை இன்னும் இறுக்கிப் பார்த்தேன். ஒரு மயிரிழை கூடிற்று. அப்போது என் பெருவிரல் தானாகத் தளர்ந்தது என்று எழுதினால் அது பொய். நான்தான் தளர்த்தினேன். மூவால் மீனுக்குக் கீழ்த்தாடை சற்று முன்தள்ளியது. வாய் திறந்ததும் அது முனையில் முட்ட, உடல் பின்னே நகர, வால் நுனி பதினெட்டாம் கோட்டை அணுகிற்று.

கிழவர் மறுபுறம் திரும்பிக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். காலை முழுவதும் அச்சட்டத்தை வைதவர் இப்போது ஒரு வார்த்தையும் பேசவில்லை. கண்ணுக்கெட்டிய தூரத்தில் வேறு படகில்லை. எண்ணூறு பக்கப் பற்றேட்டை ஆண்டுக்கணக்காக ஒரு சதமும் பிசகாமல் எழுதிய என் கை, அரை அங்குலத்துக்காக ஒரு மீனின் வாயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. நிமிர்ந்தேன். பேரன் மீனைப் பார்க்கவில்லை. என் பெருவிரலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“அம்மப்பா, அதற்கு மூச்சு முட்டும்” என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

வாயை மூடினேன், மீனின் வாயை. “பதினேழரை” என்று உரத்துச் சொன்னேன்.

கிழவர் திரும்பினார். “அடுத்த மாதம் இது பதினெட்டாகிவிடும். அப்போது வேறு எவனோ பிடித்துத் தின்பான்” என்று சொல்லிக்கொண்டே முழந்தாளிட்டு, இரு கையாலும் மீனை ஏந்தி நீரில் வைத்தார். உடனே விட்டுவிடவில்லை. செவுளினூடு நீர் ஓடும்படி முன்னும் பின்னுமாக அசைத்துக்கொண்டிருந்தார். ஒரு குழந்தையைக் குளிப்பாட்டுகிறவரைப் போலிருந்தது. கொஞ்ச நேரத்தில் மீன் வாலை ஒருமுறை வீசி அவர் முகமெல்லாம் உப்புநீரைத் தெளித்துவிட்டு ஆழத்திற் சென்றது.

“அதற்குள் முட்டை இட்டுவிடும்” என்றான் பேரன்.

“அது ஆணோ பெண்ணோ, உனக்கெப்படித் தெரியும்?” என்று கிழவர் முகத்தைத் துடைத்தார். விவாதம் விட்ட இடத்திலிருந்து மறுபடி தொடங்கிற்று. திரும்பி வரும்வரை அவர்கள் ஓயவில்லை. லூசியானா மீண்டும் வந்தது. டெக்சாஸ் மீண்டும் வந்தது. நான் படகின் முனையில் அமர்ந்து, செதிள் ஒட்டிய பெருவிரலைக் கடல்நீரிற் கழுவிக்கொண்டிருந்தேன். வேறு மூவால் மீன் எதுவும் அன்று எங்கள் கண்ணிற் படவில்லை.

வீட்டு வாசலில் மகள் வெறும் பெட்டியைத் திறந்து பார்த்துச் சிரித்தாள். அன்றிரவு கடையில் வாங்கிய திலாப்பியாவைக் குழம்பு வைத்தாள். பேரன் இரண்டு துண்டு கேட்டு வாங்கி உண்டான். அளவு பார்க்கவில்லை.