இரண்டு எர்த் குழிகள்

ஹாம் ரேடியோ உரிமம் வைத்திருப்பவன் சொல்லக் கூடாதுதான்: இடி என்றால் எனக்குப் பயம். சித்திரையில் மேற்கே கறுத்தாலே போதும், பேச்சைப் பாதியில் முறித்து ‘செவன்டி த்ரீ’ என்று விடைபெற்று, ரிக் எனும் ரேடியோ பெட்டியை அணைத்துவிடுவேன். பயத்தால்தான் ஆன்டெனா கேபிளுக்கு மின்னல் அரெஸ்டர் போட்டேன். அதற்கென்றே கொல்லையில் கரியும் உப்பும் கொட்டித் தனி எர்த் குழி. வீட்டின் இ.பி. எர்த் முன்வாசலில் இருந்தது. ரேடியோவுக்குத் தனி எர்த் இருந்தால் இரைச்சல் குறையும் என்பது எங்கள் வட்டாரத்தில் வேதவாக்கு.

ஒரு மாலை, கொல்லையை ஒட்டிய தோப்பில் ஒரு தென்னையில் இடி விழுந்தது. ஆன்டெனாவை அது தொடவேயில்லை. ரிக்கும் அணைந்துதான் இருந்தது. ஆனாலும் பவர் சப்ளை கருகிவிட்டது. அரெஸ்டர் மட்டும் கடையில் வாங்கிய மெருகோடு இருந்தது!

காரணம் மண்ணில் இருந்தது. மின்னல் தரையில் பரவும்போது பக்கத்து மண்ணும் தள்ளியிருக்கும் மண்ணும் ஒரே மின்னழுத்தத்தில் இருப்பதில்லை. கொல்லைக் குழிக்கும் வாசல் குழிக்கும் இடையே எழுந்த வேறுபாடு, கேபிளின் வெளிப்பின்னல் வழியே ரிக்குக்குள் ஏறி, இ.பி. எர்த் வழியே இறங்கியிருக்கிறது. அரெஸ்டர் காப்பது பின்னலுக்கும் உள்கம்பிக்கும் இடையில்தான். இதில் அதற்கு வேலையே இல்லை.

இப்போது இரண்டு குழிகளையும் வீட்டுக்கு வெளியே தடித்த செம்புப் பட்டையால் இணைத்திருக்கிறேன். கேபிள்கள் எல்லாம் ஜன்னலருகே ஒரே செம்புத் தகட்டின் வழியாகத்தான் உள்ளே வருகின்றன. மின்சார இணைப்பின் சர்ஜ் காப்பும் அதே தகட்டில். வெள்ளத்தில் தெப்பம் ஏறுவதுபோல எல்லாம் சேர்ந்தே ஏறட்டும், சேர்ந்தே இறங்கட்டும். எர்த் கம்பி நேராக, குட்டையாக இருக்க வேண்டும். ஒரு மீட்டர் கம்பிக்குச் சுமார் ஒரு மைக்ரோ ஹென்றி தூண்டம் உண்டு. 30,000 ஆம்பியர் 2 மைக்ரோ விநாடியில் பாய்ந்தால் அந்த ஒரு மீட்டரிலேயே 15,000 வோல்ட்! மிச்சக் கம்பியைச் சுருட்டி வைக்கும் நம் எலக்ட்ரீஷியன்களுக்கு இதைப் புரியவைப்பதுதான் பெரும்பாடு.

1753இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ரிச்மன் என்ற விஞ்ஞானி, கூரையிலிருந்து அறைக்குள் கொண்டுவந்த, மண்ணோடு இணைக்காத கம்பியருகே புயல் நேரத்தில் நின்று உயிரை விட்டார். நம் ஆன்டெனா கேபிளும், மண்ணோடு இணைத்திருந்தாலும், கூரையிலிருந்து அறைக்குள் வரும் கம்பிதான். வானம் தெளிந்திருக்கும்போதே கழற்றி வெளியே போட்டுவிடுங்கள். இடி கேட்டபிறகு அதில் கை வைக்காதீர்கள். ரிக் போனால் போகட்டும்.